உமிழ்நீர்: வாயின் காவல்

உமிழ்நீர் என்னும் பெயரே அதற்கு நாம் இழைத்த அநீதி எனலாம். உமிழப்படுவது எதுவோ அது உமிழ்நீர். ஆனால் ஒரு நாளில் நம் வாயில் ஊறும் நீரில் நாம் உமிழ்வது மிகச் சிறு பகுதியே. ஏனைய யாவற்றையும் நம்மை அறியாமலேயே விழுங்கி விடுகிறோம். எச்சில் என்னும் மற்றொரு பெயரின் நிலையோ இன்னும் இழிவானது. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பாத்திரம் என்று விலக்க வேண்டிய யாவற்றுக்கும் அதனை அடைமொழியாக்கி விட்டோம். வாயை விட்டு வெளியேறிய பின் அது நோயைப் பரப்பக்கூடும் என்பது உண்மை. கண்ட இடத்தில் துப்புவது குற்றம் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வாய்க்குள் இருக்கும் வரை அந்நீர் ஆற்றும் தொண்டினை நாம் போதிய அளவு அறிந்து கொள்ளவில்லை.

உமிழ்நீரில் டயலின் என்னும் நொதி உள்ளது, அது மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று பள்ளியில் படித்தோம். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும், அயோடின் கரைசலின் நீலநிறம் மறைவதும் நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டவையே. இன்று அமைலேஸ் என வழங்கப்படும் அந்த நொதியின் பணியை எழுதி மதிப்பெண் பெற்றதோடு உமிழ்நீரை மறந்தும் போனோம். ஆனால் அமைலேஸ் கணையத்திலும் சுரக்கிறது. வாயில் விட்டுப்போன வேலையைச் சிறுகுடலில் அது செய்து முடித்து விடும். எனவே உமிழ்நீர் வற்றிப் போனவருக்கு மாவுப்பொருள் செரிப்பது பெரிதும் தடைப்படுவதில்லை. அவருக்குக் கெடுவது பற்களே. இந்த ஓர் உண்மையிலிருந்து உமிழ்நீரின் முதன்மையான பணி எது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். செரிமானத்திற்கு அது துணை. வாய்க்கு அதுவே காவல்.

ஊற்றுக்கண்கள்

நம் வாயில் மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்திருப்பது ஓர் இணை. பொன்னுக்கு வீங்கி என்று நாம் கூறும் நோயில் பெரும்பாலும் வீங்குவது இதுவே. கீழ்த்தாடை எலும்பின் உட்புறமாக இரண்டாவது இணையும், நாவின் அடியில் மூன்றாவது இணையும் இருக்கின்றன. இவையன்றி உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்புறத்தில் 600 முதல் 1,000 வரை சின்னஞ்சிறு சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன.

காதோரச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் குழாயை 1660-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் நிக்கோலஸ் ஸ்டீனோ என்னும் டேனிஷ் நாட்டவர். அப்போது அவர் ஆம்ஸ்டர்டாம் நகரில் பயின்று கொண்டிருந்த 22 வயது மாணவர். ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆராய்ந்தபோது அக்குழாய் அவர் கண்ணில் பட்டது. மேல்வாயின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தை நாவினால் தடவிப் பார்த்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அக்குழாய் திறக்கும் இடம் அதுவே.

ஒரு நாளில் சுரக்கும் உமிழ்நீர் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எனக் கணக்கிட்டுள்ளனர். ஆனால் எந்த நேரத்திலும் வாயில் நிற்பது சுமார் 1 மில்லிலிட்டர்தான். அந்தச் சிறு அளவே பற்களின் மீதும் வாயின் உட்புறத்தின் மீதும் மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. பழையது விழுங்கப்பட, புதியது ஊற, ஓயாத ஓட்டமாக அது இயங்குகிறது. தேங்கி நிற்கும் குட்டைக்கும் ஓடும் வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். உமிழ்நீரின் தூய்மை அதன் ஓட்டத்தில் இருக்கிறது.

இவ்வோட்டம் எப்போதும் ஒரே அளவினதன்று. சும்மா இருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டர் சுரப்பது, மெல்லும்போது பல மடங்கு பெருகுகிறது. புளியை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறது. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாயின் உமிழ்நீரைக் கொண்டே பழக்கத்தால் விளையும் மறிவினையை விளக்கினார் என்பதை உளவியல் மாணவர்கள் நன்கு அறிவர். மாறாக, அச்சம் வந்தால் நா வறள்கிறது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் எதிரே அமர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உறக்கத்திலோ சுரப்பு ஏறக்குறைய நின்றே விடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

நீரினுள் இருப்பவை

உமிழ்நீரில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீர். எஞ்சியுள்ள சிறு பகுதியில்தான் அதன் ஆற்றல் அடங்கியிருக்கிறது. மியூசின் என்னும் வழவழப்பான புரதம் உணவை உருட்டி விழுங்கச் செய்வதோடு வாயின் மென்தோலையும் காக்கிறது. பைகார்பனேட் உப்பு அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்கு வேண்டிய கட்டடப் பொருள்களாகக் கரைந்து நிற்கின்றன.

இவற்றோடு கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் உள்ளன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1922-இல், லைசோசைம் என்னும் பொருளைப் பற்றி எழுதினார். மூக்குச் சளியில் முதலில் கண்ட அப்பொருள் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் இருப்பதை அவர் அறிந்தார். சிலவகைப் பாக்டீரியாக்களின் சுவரை அது கரைத்து விடுகிறது. லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள், பூஞ்சையை அடக்கும் ஹிஸ்டாட்டின் ஆகியவையும் அங்கே காவல் நிற்கின்றன. விலங்குகள் தம் காயத்தை நக்குவது வீணன்று. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து தோல் செல்களை வளர்க்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி மொண்டால்சினி என்னும் அம்மையாரோடு 1986-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பூச்சியா, அமிலமா?

சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்பது நம் வழக்கு. பல்லைப் புழு அரிக்கிறது என்னும் நம்பிக்கை நம் நாட்டில் மட்டுமன்றி உலகின் பல பகுதிகளிலும் இருந்தது. கண்டங்கத்திரி விதையின் புகையைப் பிடித்துப் பூச்சியை வெளியேற்றுவதாகக் கூறுவோர் நம் ஊர்களில் இருந்தனர். அமெரிக்கப் பல் மருத்துவரான மில்லர் பெர்லின் நகரில் ஆய்வு செய்து 1890-இல் வெளியிட்ட நூலில் உண்மையை விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்பதே அவரது கொள்கை. 1924-இல் கிளார்க் என்னும் ஆங்கிலேயர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பூச்சி என்று மக்கள் சொன்னதில் ஓர் உயிர் உண்டு என்ற அளவில் மட்டும் உண்மை இருந்தது!

பல்லின் மேற்பூச்சான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதில் 96 விழுக்காடு தாதுப்பொருள். ஆனால் அதில் உயிருள்ள செல் ஏதும் இல்லை. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் தானே வளர்வதில்லை. அதற்கு வெளியிலிருந்துதான் பொருள் வந்து சேர வேண்டும். கொண்டு வந்து சேர்ப்பது உமிழ்நீர்.

அமிலத்தின் கடுமையை பி.எச். என்னும் அளவால் குறிக்கிறோம். அந்த எண் 7 என்றால் நடுநிலை. குறையக் குறைய அமிலம் மிகுதி. வாயில் அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. அதற்கு மேலே ஏறியதும் உமிழ்நீரில் உள்ள அதே பொருள்கள் எனாமலுக்குள் திரும்பிச் செல்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள்தோறும் பலமுறை நிகழ்கிறது. கணக்கு நேராகும் வரை பல் நலமாக இருக்கிறது. பற்று மிகுந்து வரவு குறைந்தால் முதலில் பல்லின் மீது சுண்ணாம்பு போன்ற வெண்மையான புள்ளி தோன்றும். அந்நிலை வரை மீட்சி உண்டு. மேற்பரப்பு இடிந்து குழி விழுந்த பின்னர் எந்த உமிழ்நீராலும் அதனை நிரப்ப இயலாது. பல் மருத்துவரே அடைக்க வேண்டும்.

ஸ்டெஃபான் வரைந்த கோடு

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டெஃபான் 1940-களில் ஓர் எளிய சோதனை செய்தார். குளுக்கோஸ் கரைசலால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பல்லின் மீது படிந்துள்ள படலத்தின் பி.எச். அளவை அடுத்தடுத்துக் குறித்தார். சில நிமிடங்களிலேயே அது 5.5-க்குக் கீழே சரிந்தது. பின்னர் மெல்ல மெல்ல ஏறிப் பழைய நிலையை அடைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் வரைந்த அந்தக் கோடு இன்றும் பல் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோடு சரிவது சர்க்கரையால். அதனை மீண்டும் உயர்த்துவதில் பெரும் பங்கு உமிழ்நீருக்கே.

இதிலிருந்து ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று வேளை உணவோடு மட்டும் இனிப்பை உண்கிறார். முறைக்கு அரை மணி எனக் கொண்டால் அவர் பற்கள் அமிலத்தில் இருப்பது ஒன்றரை மணி நேரம். மற்றொருவர் அதே அளவு சர்க்கரையைக் காலைத் தேநீர், இடைவேளைத் தேநீர், பிற்பகலில் ஒரு மிட்டாய், மாலையில் பிஸ்கட், இரவில் படிக்கும்போது மேலும் இரு முறை தேநீர் எனப் பிரித்து உணவுக்கு இடையிடையே உண்கிறார். மூன்று வேளை உணவையும் சேர்த்தால் அவர் பற்கள் நாலரை மணி நேரம் அமிலத்தில் நனைகின்றன. சர்க்கரையின் எடை ஒன்றே. உமிழ்நீருக்குக் கிடைத்த அவகாசம் வேறு. விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்கள் தம் ஒரு நாளை இவ்வாறு எழுதிப் பார்ப்பது நல்லது.

இதற்கு ஸ்வீடன் நாட்டில் கிடைத்த சான்று புகழ்பெற்றது. அதே நேரத்தில் வேதனைக்குரியது. லுண்ட் நகரைச் சேர்ந்த விப்பேஹோல்ம் என்னும் இடத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான நிலையம் ஒன்று இருந்தது. 1940-களின் பிற்பகுதியில் அங்கிருந்தோரைப் பல குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு உணவோடு சர்க்கரையும், சிலருக்கு உணவுக்கு இடையில் பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாயும் கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 மிட்டாய்கள். உணவோடு சர்க்கரை உண்டவர்களிடம் சொத்தை சிறிதே கூடியது. இடையிடையே மிட்டாய் உண்டவர்களிடம் மிகுதியாகப் பெருகியது. 1954-இல் முடிவுகள் வெளியாயின. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும், பிள்ளைகளுக்கு இனிப்பு என்னும் வழக்கம் ஸ்வீடனில் வேரூன்ற இது ஒரு காரணமாயிற்று. ஆயினும் சோதனைக்கு உள்ளானவர்கள் அதற்கு இசைவு தரும் நிலையில் இல்லாதவர்கள். அவர்கள் பற்கள் வேண்டுமென்றே கெடுக்கப்பட்டன. இன்று எந்த நாகரிக சமுதாயமும் அத்தகைய ஆய்வுக்கு இடந்தராது. அவர்கள் கொடுத்த விலையில் கிடைத்த அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

கண்ணாடி காட்டும் சான்று

உமிழ்நீரின் ஆற்றலை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி போதும். கீழ்வரிசை முன்பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை. நாவின் அடியிலுள்ள சுரப்பிக் குழாய்கள் அவற்றின் பின்புறமாகவே திறப்பதால் அவை ஓயாது கழுவப்படுகின்றன. ஆனால் அதே பற்களின் பின்புறத்தில்தான் மஞ்சள் நிறக் காரை மிகுதியாகப் படிகிறது. பல்லைக் கட்டும் அதே கால்சியம், துலக்காமல் விட்ட படலத்தின் மீது படிந்து கல்லாகி விடுகிறது. அது ஈற்று நோய்க்கு வழி வகுக்கும். காவலன் எவ்வளவு திறமையுடையவனாயினும் வீட்டைப் பெருக்கும் வேலை வீட்டுக்காரனுடையதே. பல் துலக்குவதற்கு உமிழ்நீர் மாற்றாகாது.

ஊற்று வற்றும்போது

உறக்கத்தில் சுரப்பு குறைவதை முன்பே கண்டோம். இரவில் இனிப்பை உண்டு துலக்காமல் உறங்குபவர் காவலற்ற வேளையில் கதவைத் திறந்து வைத்தவராகிறார். அமிலம் முறிபட நெடுநேரம் ஆகும். இதற்குப் பெரிதும் பலியாவோர் குழந்தைகள். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள் முளைத்த சிறிது காலத்திலேயே கருத்து இடிந்து போவதைக் காண்கிறோம். பால்பல் தானே, விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் இருந்து விடுகின்றனர். அதுவரை அக்குழந்தை வலியோடு உண்ணவும் உறங்கவும் வேண்டும் என்பதை எண்ணுவதில்லை. தாயின் வாயிலுள்ள சொத்தைக் கிருமி, அவர் சுவை பார்த்த கரண்டியாலேயே குழந்தையின் வாய்க்குச் செல்லக்கூடும். எச்சில் படக்கூடாது என்று பாட்டிமார் கண்டித்ததில் இந்த அளவுக்குப் பொருள் உண்டு.

முதியோரிடமும் நோயாளிகளிடமும் வாய் வறட்சி பகலிலேயே நிகழ்கிறது. ஒவ்வாமைக்கும், மனச்சோர்வுக்கும், சிலவகை இரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் மருந்துகளுள் பல உமிழ்நீரைக் குறைக்கின்றன. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோயிலும் வாய் வறளும். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஸ்யோகிரன் 1933-இல் விளக்கிய நோயில் கண்ணீரும் உமிழ்நீரும் ஒருசேர வற்றுகின்றன. எல்லாவற்றிலும் கொடியது வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் நிலை. கதிர்கள் சுரப்பிகளையும் தாக்குவதால், முன்பு ஒரு சொத்தையும் இல்லாதவருக்கும் சில மாதங்களில் பல்வரிசை முழுதும் கெடக்கூடும்.

இங்கே நம் வெற்றிலைப் பாக்குப் பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாம்பூலம் உமிழ்நீரைப் பெருக்குகிறது என்பது உண்மை. ஆனால் புகையிலை கலந்தாலும் கலவாவிட்டாலும் அது புற்றுநோயை விளைவிக்கும் என்றும், பாக்கே அத்தகையது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவுபடுத்தியது. ஊறுவதற்காக மென்றது இறுதியில் ஊற்றையே வற்றச் செய்யும் நிலைக்குக் கொண்டு போய் விடலாம்.

நாம் செய்யத்தக்கவை

உமிழ்நீருக்கு நாம் செய்ய வேண்டிய உதவி பெரிதன்று. அதன் வேலைக்கு இடையூறு செய்யாமலிருப்பதே. இனிப்பை உண்பதாயின் உணவோடு சேர்த்து உண்டு, இடைவேளைகளில் பற்களுக்கு ஓய்வு தரலாம். இடையில் தேநீர் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல் பழகலாம். இரவில் பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதனையும் வாயில் இடாதிருப்பது மிக முக்கியம். எலுமிச்சைச் சாறு, கோலா போன்ற கடும் அமிலப் பானங்களைக் குடித்தவுடன் துலக்கினால் மென்மைப்பட்ட எனாமல் தேயும். நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குவது நலம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பர் நம் பெரியோர். மெல்ல மெல்ல உமிழ்நீர் பெருகும். பெருகும் உமிழ்நீரில் பைகார்பனேட்டும் மிகும். எனவே அம்மொழி வயிற்றுக்கு மட்டுமன்றிப் பல்லுக்கும் பொருந்தும்.

பற்பசையில் உள்ள ஃபுளோரைடு, உமிழ்நீர் கொண்டுவரும் கால்சியம் பல்லில் சேர்வதற்குத் துணை செய்கிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பதால் பற்களில் பழுப்புக் கறை ஏறியவர்களைக் காணலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதற்கு இதுவும் ஒரு சான்று. சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நாள்பட்ட வாய் வறட்சி உடையவர்கள் தாமாக மருந்தை நிறுத்தி விடாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்தையோ அளவையோ மாற்ற இயலுமா என அவர் பார்ப்பார். அடிக்கடி சிறிது நீர் அருந்துவதும் சர்க்கரையில்லா மிட்டாயைச் சுவைப்பதும் உதவும். நம் வீட்டிலுள்ள முதியவர், சோறு தொண்டையில் இறங்கவில்லை, நாக்கு ஒட்டுகிறது என்று கூறும்போது, வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்கி விடுகிறோம். அவர் உண்ணும் மாத்திரைச் சீட்டை எடுத்துக் கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது படித்த பிள்ளைகளாகிய நம் கடமை.

பணம் கொடுத்து வாங்கும் பற்பசைக்கும் பற்பொடிக்கும் விளம்பரங்கள் உண்டு. விலையின்றி ஊறும் உமிழ்நீருக்கு விளம்பரம் இல்லை. அது நம்மிடம் கேட்பது ஒன்றே: உண்ட பின் சற்று நேரம் வாய்க்கு ஓய்வு. அந்த அவகாசத்தை நாம் கொடுத்தால் அது பல்லைக் கொடுக்கும்.